உயிர் அள்ளுதல்

அந்த ஊரில் யாரும் அவளிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

படகுத்துறையில் இறங்கியபோதே துவாங்தா அதைக் கவனித்தாள். லாவோஸில் எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி அது. பிறகு வயது. பிறகு கல்யாணம். தலைநகர் வியன்டியானில் அவள் வேலை பார்த்த பல் மருத்துவமனையில், வாய்க்குள் கருவி இருக்கும்போதே குழறிக் குழறிக் கேட்டவர்கள் உண்டு. இங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள், சிரித்தார்கள், நகர்ந்து வழிவிட்டார்கள். தெரிந்த ஒருத்தி திரும்பி வந்ததைப் போல.

அவளுக்கு அது பிடித்திருந்தது. விடுமுறை, தனியாக. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் திரும்பிவிட வேண்டும். அம்மாவுக்கு அவள் ஒருத்திதான்.

கேசோன் என்ற பெண்மணியின் மரவீட்டில் மாடி அறை கிடைத்தது. கேசோனின் கணவர் தாவோன் கீழ்த்தளத்தில் பாயில் படுத்திருப்பார், இருமுவார், பேசமாட்டார். முதல் நாளே கேசோன் அலமாரியைத் திறந்து பாவாடை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நீலப்பட்டு, பாச்சை உருண்டை வாசனை. யாருடையது என்று துவாங்தா கேட்டாள்.

"உடுத்திக்கோ, கண்ணு. சும்மாதான கிடக்கு."

நாட்கள் நழுவின. காலையில் சோறு வாங்க வரும் பிக்குகள் போன பிறகும் பாதையில் சோற்றின் ஆவி வாசனை நின்றது. மீகாங் ஆறு வற்றி ஒதுங்கிய கரையில் பெண்கள் கீரைப்பாத்திகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். வலைத்தூளியில் படுத்துக்கொண்டு, பொரித்த ஆற்றுப்பாசியை மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றபடி, படகு மோட்டார்களின் சத்தம் அக்கரையில் மோதித் தேய்ந்து வருவதைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போவாள். விழிக்கும்போது கேசோன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஈ ஓட்டுவதாகச் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக, வியன்டியான் புள்ளைங்க பூனை மாதிரி, சோறும் தூக்கமும்தான் என்று கேலி செய்தாள். துவாங்தா சிரித்தாள். எந்த ஊர் என்று தான் யாரிடமும் சொல்லவில்லையே என்பது பிறகுதான் உறைத்தது. படகுக்காரன் சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை, பொழுது சாயும் நேரம். ஜன்னலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கேசோன் ஆற்றில் இறங்குவது தெரிந்தது. ஒரு கையில் மீன் அள்ளும் கைவலை, மறு கையில் மூங்கில் கூடை.

துவாங்தாவுக்கு அந்தச் சடங்கு தெரியும். சிறுவயதில் அவள் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தபோது அம்மாவும் இப்படி வலை எடுத்துப் போனாள். பயந்தவர்களின் உயிரில் ஒரு துண்டு விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். அவர்களுடைய துணியைக் கூடையில் வைத்து, சோற்று உருண்டையும் அவித்த முட்டையும் காட்டி, பெயர் சொல்லி அழைத்து, வலையால் அள்ளி வர வேண்டும். வீட்டுப்படியின் கீழே நின்று வந்தாச்சா என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வந்தாச்சு என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையென்றால் அது வந்த வழியே போய்விடும்.

பாவம், தாவோனுக்காக என்று நினைத்தாள். அந்த இருமல்.

கேசோன் நீரை அள்ளினாள். வெறும் நீர். வலை கனத்ததைப் போல இரண்டு கையாலும் தூக்கினாள். ஏதோ பெயர் சொன்னாள். காற்று அதை அக்கரைப் பக்கம் கொண்டுபோனது. பிறகு ஈரம் சொட்டச் சொட்ட மேலேறி வந்தாள். வேலியோரம் பெண்கள் நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வந்தாச்சா?"

கீழே பதில் இல்லை. பலகை இடுக்கின் வழியே துவாங்தா பார்த்தாள். தாவோன் எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தார். இருமலை அடக்குகிறார் என்று பட்டது.

"வந்தாச்சா?"

வலையிலிருந்து சொட்டுவது கேட்டது. கேசோனின் குரல் நடுங்கியது. ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க துவாங்தாவால் முடியவில்லை. அப்படி வளர்க்கப்பட்டவள் இல்லை.

"வந்தாச்சு," என்றாள்.

வேலியோரம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். தாவோன் அழத் தொடங்கினார்.

கேசோன் மாடிக்கு வந்தாள். கூடையில் துவாங்தாவின் வெள்ளைச் சட்டை இருந்தது. காலையில் கொடியில் காயப் போட்டது. இப்போது ஆற்றுநீரில் நனைந்திருந்தது.

கேசோன் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெள்ளை நூல் கட்டினாள். முட்டையை உரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா? நான் எங்கயும் விழலையே."

"நீ விழல, கண்ணு. விழுந்தவ வேற. என் மக."

கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். கை வாய்க்குப் போனது. வாய் முட்டையைத் தின்றது. ஆற்றுச்சேற்றின் வாசனை உள்ளிருந்து வந்தது.

விடிந்தபோது அவளுக்குத் தெரியாதவை தெரிந்திருந்தன. அரிவாள் எந்தப் பலகைக்குப் பின்னால். எந்தப் படி ஆடும். கால்களை வாசலுக்குப் போகச் சொன்னாள். அவை அடுப்படிக்குப் போயின. விரல்கள் அடுப்பை மூட்டின. அவள் கத்தினாள். வாய் மூடியே இருந்தது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

கை எடுத்துக் காதில் வைத்தது. அம்மா, அம்மா, அம்மா என்று துவாங்தா உள்ளிருந்து அழைத்தாள். வெளியே அவளுடைய குரல், அமைதியாக, இங்கேயே தங்கிவிடப் போவதாகச் சொன்னது. தேட வேண்டாம் என்றது. அம்மா சின்னக் குரலில் கேட்டாள்.

"என் மேல எதாச்சும் கோவமாடீ?"

"ஆமா," என்றது வாய். விரல்கள் கைப்பேசியை அடுப்பில் போட்டன.

கேசோன் பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள்.

"பியெங்," என்றாள். "அவ இன்னும் உள்ளதான் இருக்காளா?"

"இருக்காம்மா. அழுதுட்டே இருக்கா. தலை வலிக்குது."

"முட்டாள் புள்ள. ஒரு தடவை கூப்பிட்டா போதும், எல்லாத்துக்கும் பதில் சொல்லிடுவா." கேசோன் சீப்பிலிருந்து முடியை உருவிச் சுருட்டினாள். "வா. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்."

நல்ல வெயில். பெண்கள் கீரைப்பாத்திகளில் குனிந்திருந்தார்கள். தாவோன் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பாதங்கள் மணலில் இறங்கின. துவாங்தா விரல்களை மடக்கப் பார்த்தாள். முழங்காலை. நாக்கை. இமையை. எதுவும் அவளுடையதாக இல்லை.

தண்ணீர் கணுக்காலில். இடுப்பில்.

பியெங் தானாகவே மூச்சை இழுத்துக்கொண்டாள். முழுகினாள்.

பச்சை இருட்டு. குளிர். வாயெல்லாம் மண்.

உடல் எழுந்தது.

துவாங்தா எழவில்லை.

மேலே, வெகு மேலே, வெளிச்சத்தில், அவளுடைய இரண்டு பாதங்கள் நிதானமாகக் கரையேறிக்கொண்டிருந்தன.