கோவில்பட்டி அளவு

உடம்பை அளந்து சம்மதமானி பச்சை காட்டிவிட்டால் வாயால் சொல்லும் மறுப்பு சட்டப்படி செல்லாது. அந்த இயந்திரத்தை உருவாக்கி, அந்தச் சட்டத்துக்காக வாதாடியும் வென்ற பத்ரிநாத், கோவில்பட்டி மருந்துச் சோதனை மையத்தின் கட்டிலில், நெற்றியிலும் மார்பிலும் உணரிகளுடன், "வேண்டாம், வேண்டாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். தலைமாட்டுத் திரை பச்சையாக இருந்தது.

புதிய இதய மருந்தின் சோதனையைத் தொடங்கிவைக்கத்தான் வந்திருந்தார். ஐரோப்பியக் கம்பெனியின் மருந்து; அங்கே ஒருவர் மேல் சோதிக்கும் செலவில் இங்கே ஒரு தெருவையே சோதிக்கலாம். குத்துவிளக்கின் இரண்டாவது திரியை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மையத்துக்குள் படுக்கவைக்கப்படும் எவரையும் சம்மதமானி தானாகவே அளக்கும். அளந்தது. அதன் ஊசிக்கை மருந்தை உறிஞ்சிக்கொண்டு கட்டிலுக்கு மேலே வந்து நின்றது.

"சிஸ்டர், என்னை மதுரைக்கு அனுப்புங்க. இது இன்னும் மனுஷங்களுக்கே போடாத மருந்தும்மா."

"தெரியும் சார். நீங்கதான் மொதல்ல" என்றாள் செவிலி செண்பகவல்லி.

"நான் சம்மதிக்கலையே!"

"மிஷின் தொண்ணூத்தேழு காட்டுது. எங்க தம்பி சுடலைமணிக்கே தொண்ணூத்தாறுதான்."

அந்தப் பெயர் அவருக்கு நினைவிருந்தது. வழக்கின் பெயர் அது.

சம்மதம் என்றால் எப்படியிருக்கும் என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவேண்டியிருந்தபோது, மலிவான இடமாகப் பார்த்து இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தவர் பத்ரிநாத். மூடிப்போன தீப்பெட்டி ஆலைகளின் தொழிலாளிகள் வரிசையில் நின்று, மருந்துச் சோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவர்கள் உடம்பில் உணரிகள் ஒட்டப்பட்டன. படபடக்கும் நெஞ்சு, வறண்ட நாக்கு, சில்லிட்ட உள்ளங்கை. இதுதான் சம்மதம் என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. "இது பயம் மாதிரி இருக்கே சார்" என்று ஒரு பொறியாளர் இழுத்தார். "கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல?" என்றார் பத்ரிநாத். 'கோவில்பட்டி அளவு' என்ற பெயரில் அது உலகமெங்கும் போயிற்று.

சுடலைமணி இதே அறையில், "வேண்டாம்க்கா, வீட்டுக்குப் போயிருவோம்" என்று அழுதான். திரை பச்சை காட்டியது. அன்று சோதித்த வேறொரு மருந்து அவனைக் கொன்றது. "வாய் மாத்திப் பேசும், உடம்பு பேசாது" என்று பத்ரிநாத் நீதிமன்றத்தில் சொன்னார், அதுவே சட்டமாயிற்று. வழக்குப் போட்ட சுடலைமணியின் அக்காவுக்குத் தீர்ப்பில் கிடைத்தது ஒரு பொத்தான். பணியிலுள்ள செவிலிக்கு ஐயம் எழுந்தால் அமுக்கலாம், ஊசிக்கை நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் அவள் செவிலிப் படிப்பில் சேர்ந்தாள். வேலைக்கு இந்த மையத்தையே கேட்டு வாங்கினாள்.

"ஐயப் பொத்தானை அமுக்கும்மா!"

"எனக்கு ஐயமே இல்லையே சார். உங்க உடம்பு எவ்வளவு தெளிவாச் சொல்லுது."

"அது பயம்! பயத்துக்குப் பேர் சம்மதம் இல்ல!"

"இத அன்னைக்குக் கோர்ட்ல சொல்லியிருக்கலாம்லா?"

பத்ரிநாத் திரையை அண்ணாந்து பார்த்தார். இயந்திரத்தை அவரைவிட அறிந்தவர் யாருமில்லை. எண்பதுக்குக் கீழே போனால் திரை சிவக்கும். அமைதியான உடம்பால் மட்டுமே அதனிடம் மறுக்க முடியும். கண்ணை மூடி, மூச்சை நிதானமாக இழுத்துவிட்டார். தொண்ணூறு. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு.

செண்பகவல்லி அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"எந் தம்பி எப்படிச் செத்தான்னு சொல்லட்டுமா சார்? மொதல்ல கால் வெரல் மரத்துப்போச்சு. அப்புறம் நாக்கு..."

தொண்ணூற்றொன்பது.

ஊசிக்கை இறங்கியது.

"உங்கள் மனமார்ந்த ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது சம்மதமானி, முதல் இயந்திரத்துக்காகப் பத்ரிநாத் பேசிக்கொடுத்த அதே குரலில்.