வடிதடம்

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஞாயிறு மாலையானால் துக்கப்படுவதற்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். இஸ்திரி போட்ட சட்டை, புதுச் சேலை, ஆளுக்கு இரண்டு கைக்குட்டை. கேட்பகத்தின் வாசலில் செவிக்கொக்கி ஒன்று கொடுப்பார்கள். அதைக் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தால் ஒரு முழு ஆல்பம் ஓடும், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை. நடுவில் எழுந்து போகக் கூடாது. பிடிக்காத பாட்டைத் தாண்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும்.

பாட்டு காதுக்கு, கொக்கி மனசுக்கு. பாடியவர் பாடும்போது எப்படி நொந்துபோயிருந்தாரோ அந்த நோவை உணர்தடம் என்று தனியாக ஒரு தடத்தில் பாட்டோடு சேர்த்துப் பதிந்திருப்பார்கள். கொக்கி அதை அப்படியே கேட்பவருக்குள் இறக்கிவிடும். ஒரு வாரம் பெரிய நிறுவனம் எதையும் சேராத இண்டி ஆல்பம், மழைச் சத்தமும் ஒற்றை கிதாரும் யாரோ கதவைச் சாத்துவதுமாக இருக்கும். மறுவாரம் நாட்டார் பாட்டு, அதற்கடுத்த வாரம் தூக்கம் கெட்ட பியானோவோடு ஜாஸ். எதுவானாலும் சோகம் கட்டாயம். சந்தோஷமாக ஓர் ஆல்பம் போட்ட குழு ஒன்று உண்டு. அவர்கள் இப்போது கல்யாண மண்டபம் நடத்துகிறார்கள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் வடிதடம். சத்தமே இல்லாத சில நிமிடங்கள். ஏற்றிய துயரத்தையெல்லாம் கொக்கி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வடிதடம் இல்லாமல் ஆல்பம் வெளியிடுவது குற்றம். வடிந்து முடிந்ததும் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு பரோட்டா சாப்பிடக் கிளம்புவார்கள். வடிதடத்துக்கு ஒரே ஒரு குறை, அது துயரத்தை மட்டும்தான் எடுக்கும். கோபத்தைத் தொடவே தொடாது.

அந்தக் குறையை நம்பித்தான் செலின் அங்கே ஒலிமேசை வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் ஆளுயரத் தந்திக்கருவியான டபுள் பாஸ் வாசித்தவள். அவளுடைய தம்பி ஆமோஸ் பாடுவான், மௌத் ஆர்கன் வாசிப்பான். இரண்டு பேருமாகச் சேர்ந்து உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஓர் ஆல்பம் பதிந்தார்கள். ஒரே ஒரு ஆல்பம். ஆமோஸ் அப்போது உண்மையாகவே உடைந்துபோயிருந்தான். காரணம் என்று எதையும் அவனால் சொல்ல முடியவில்லை. வாயால் சொல்ல முடியாததைப் பாட்டில் போட்டிருக்கிறேன், கேட்டால் தெரிந்துவிடும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் கேட்டவர் இளங்கீரன். அந்த ஊருக்கு மட்டுமல்ல, தமிழ் கேட்பகங்கள் எல்லாவற்றுக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. மதிப்பெண்ணாக ஐந்து மேகம் போட்டால் ஆல்பம் ஐம்பது ஊரில் ஓடும். ஆமோஸின் ஆல்பத்துக்கு ஒரு மேகம் போட்டார். "இதில் துயரம் இல்லை, துயரமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது" என்று எழுதினார். ஒரு மேக ஆல்பத்தை யாரும் காதில் மாட்டுவதில்லை. கேட்காதவர்களும் தீர்ப்பை மட்டும் படித்திருந்தார்கள். ஆமோஸ் சாப்பிடாமல் படுத்திருந்தால் நண்பர்கள் வந்து, "போதும்டா ஒன் நடிப்பு. அதான் பெரிய மனுசனே எழுதிட்டாருல்லா" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பெற்ற தாய்கூட, எழுந்து வேலையைப் பாரு என்றாள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஆமோஸ் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான்.

அடக்கத்தன்று செலின் அழுதாள். அதற்குப் பிறகு அழுவதற்கு நேரமில்லை, ஏனென்றால் அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது.

இளங்கீரனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லோரும் வடிதடத்துக்குக் காத்திருக்கும்போது அவர் மட்டும் கொக்கியைக் கழற்றிவிடுவார். துயரம் சூடாக இருக்கும்போதே மேடையேறித் தீர்ப்புச் சொல்வார். "வடிக்கிறவன் ரசிகன் இல்லை" என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்கியம். பனியன்களில் அச்சடித்து விற்றார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்பது அந்தக் கேட்பகத்தின் மரியாதை.

ஒலிமேசையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கோடு தெரியும், உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் கோடு. பாட்டு ஓட ஓட எல்லாக் கோடும் ஏறும், வடிதடத்தில் இறங்கும். இளங்கீரனுடைய கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எந்த ஆல்பம் போட்டாலும் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. செலினுக்கு முதலில் மேசை பழுதோ என்று தோன்றியது. நாற்காலியை மாற்றிப் பார்த்தாள், கொக்கியை மாற்றிப் பார்த்தாள், கோடு அசையவில்லை. பிறகுதான் விளங்கியது. பல வருடத்து ஆல்பங்களின் துயரம் ஒன்றுகூட வடியாமல் அந்த மனிதருக்குள் கிடக்கிறது. நிரம்பிய குடத்தில் ஒரு சொட்டு ஏறாது. ஆமோஸின் துயரம் அவருக்குள் போகவே இல்லை. எதுவும் உணராமல்தான் எழுதியிருக்கிறார். அட்டைப் படத்தைப் பார்த்தும் மழைச் சத்தத்தை எடைபோட்டும் எழுதியிருக்கிறார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தம்பி இருந்திருப்பான்.

அன்று அவள் தம்பி நினைப்பில் மேசையில் தவறான விசையைத் தட்டிவிட்டாள். இப்படித் தவறினால் ஒலிமேசை வேலை போய்விடும், வேலை போனால் அந்த ஆள் கைக்கு எட்டமாட்டார். எனவே தினமும் ஒலிச்சோதனை வேலை முடிந்ததும் காலி அரங்கில் உட்கார்ந்து தனக்கு வடிதடம் போட்டுக்கொள்வாள். தம்பியை நினைத்து நெஞ்சு அடைப்பதெல்லாம் இறங்கிவிடும். கோபம் மட்டும் விளக்கிய பாத்திரம்போலச் சுத்தமாக மிஞ்சும். தினமும் வடிப்பவர்களுக்கு மனம் வழவழத்துப் போகும், பிறகு எதுவும் ஒட்டாது என்று கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜாஸ் ஆல்பம். பியானோக்காரர் ஒவ்வொரு சுரத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து யோசித்து வாசித்திருந்தார். அரங்கு முழுக்க விசும்பியது. கடைசிப் பாட்டு அடங்கியது. இளங்கீரன் வழக்கம்போலக் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். கொக்கி வரவில்லை. மேசையிலிருந்து திறந்தாலொழிய வராதபடி அதன் பூட்டை செலின் மாற்றிவைத்திருந்தாள்.

வடிதடம் ஓடியது. மற்ற கோடுகள் இறங்கி அடங்கின. செலின் அவருடைய நாற்காலிக்கு மட்டும் வடிதடத்தைத் திரும்பப் போட்டாள், மறுபடியும் போட்டாள். மற்றவர்கள் மரியாதை தவறாமல் உட்கார்ந்திருந்தார்கள். உச்சியில் ஒட்டியிருந்த கோடு மெல்லக் கழன்று இறங்கத் தொடங்கியது. அது அடியைத் தொட்டபோது இளங்கீரன் காய்ச்சல் விட்டு எழுந்த ஆள்போலச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க கடல் சத்தம் கேக்குமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டார்.

செலின் ஒலிபெருக்கியில் பேசினாள். "சார், இப்பத்தான் காலியா இருக்கிய. ஒரே ஒரு பாட்டு கேளுங்க. உணர்தடம் ஒங்களுக்கு மட்டும்."

ஆமோஸின் மூன்றாவது பாட்டைப் போட்டாள். பாட்டு எல்லோருக்கும் கேட்டது. அவன் வரியைத் தொடங்குவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு கேட்டது. மௌத் ஆர்கனில் ஒரு துளை அடைத்திருந்தது, அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தது. அடியில் செலினுடைய பாஸ் மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. முதல் அடி முடியும்முன் இளங்கீரனுடைய கோடு மேலே போய் முட்டியது. அவர் முன்னால் குனிந்தார். பிறகு நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"யாரும்மா இது?" என்றார். "யாரு இந்தப் பையன்? இவன யாராவது போய்ப் பாருங்களேன். இவன் தனியா இருக்கக் கூடாது."

"போய்ப் பாக்க முடியாது சார். எந் தம்பி. நீங்க ஒரு மேகம் போட்டிய."

அவர் நிமிர்ந்து ஒலிமேசைப் பக்கம் பார்த்தார். யோசிக்கிறார் என்பது தெரிந்தது. மறுக்கவில்லை.

"நான் எழுதினது பொய்" என்றார். "எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியல. ரொம்ப வருஷமாவே எதுவும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

செலினுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. அவள் பூட்டைத் திறந்துவிட்டாள், கொக்கி கழன்று அவர் மடியில் விழுந்தது.

"வடிதடம் போடும்மா. தாங்க முடியல."

"நீங்கதான சார் சொல்லுவிய, வடிக்கிறவன் ரசிகன் இல்லன்னு."

மேசையை அணைத்துவிட்டு எழுந்தாள். ஆமோஸின் உணர்தடத்தை அவருக்கு மேல் ஒரு பாறையைப்போல வைத்துவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள். முன்வரிசையில் பல் மருத்துவர் குணசீலன் அவளை வழிமறித்தார். ஒரு ஞாயிறு தவறாதவர்.

"அது எந்த ஆல்பம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். "இளங்கீரனையே தரையில உக்கார வச்சிருச்சே. எங்களுக்கும் அதப் போடலாமே."

போட்டார்கள். செலினைக் கேட்டு யார் போட்டார்கள்? அடுத்த ஞாயிறு தூத்துக்குடியில், அதற்கடுத்து மதுரையில், பிறகு எல்லா ஊர்களிலும். இளங்கீரனை அழவைத்த ஆல்பம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஆமோஸ் எதைத் தாங்க முடியாமல் போனானோ அதை ஊரே ஒரு மாலை முழுவதும் வாங்கி உள்ளே இறக்கிக்கொண்டது. வடிதடம் முடிந்ததும், மூன்றாவது பாட்டு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனது. கல்யாண வீட்டில் பாயசத்தைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசினார்கள். யாருக்கும் அவன்மேல் ஒரு துளி இரக்கமில்லை. இருந்ததெல்லாம் கொக்கியோடு போய்விட்டது. செலின் இத்தனை பேரைப் பழிவாங்க எங்கே போவாள். இருக்கிற ஒருவரையாவது முழுதாகப் பழிவாங்கலாம் என்று தேற்றிக்கொண்டாள்.

இளங்கீரன் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்றும், ஞாயிறு மாலைகளில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டாள். கைப்பையில் ஒரு சிறிய ஒலிப்பெட்டியும் கொக்கியும் எடுத்துக்கொண்டு போனாள். ஆமோஸின் ஆல்பமும் வடிதடமும் அதில் இருந்தன. வடிதடத்தைக் காட்டி, அவர் கெஞ்சுவதைப் பார்த்துவிட்டு, கொடுக்காமல் திரும்ப வேண்டும். போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

ஆமோஸின் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கியிருந்தது. இளங்கீரன் தரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், சவரம் செய்திருக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் முயலவில்லை.

"வேணுமா?" என்று கொக்கியைத் தூக்கிக் காட்டினாள். "வடிதடம்."

அவர் பார்த்தார். தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம்மா. வடிச்சா அவன் போயிருவான்."

கொக்கியை நீட்டிய செலினின் கை அப்படியே நின்றது. அந்த ஆளிடமிருந்து பறிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. தன் தம்பிக்காக இந்த உலகத்தில் அழுகிற ஒரே ஆள் இவன்தானா என்று நினைத்தபோது ஆத்திரம் வந்தது. ஆத்திரம் மட்டும்தான் வந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

கொக்கியைத் தன் காதிலேயே மாட்டினாள். மூன்றாவது பாட்டைப் போட்டாள். ஆமோஸ் மூச்சு இழுத்தான். அடைத்த துளையில் காற்று வந்தது. அவளுடைய பாஸ் மூன்று சுரங்களைச் சுற்றியது. அன்று வாசித்தபோது விரல் எரிந்தது நினைவுக்கு வந்தது. வேறெதுவும் வரவில்லை. திரும்பப் போட்டாள். ஒலிப்பெட்டியின் கோடு அடியிலேயே கிடந்தது. தினமும் காலி அரங்கில் உட்கார்ந்து எதை வடித்துவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

கொக்கியைக் கழற்றினாள். கல்லறைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தாள். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கடைசியில் கேட்டாள்.

"சார், அந்த மூணாவது பாட்டு பாடும்போது எந் தம்பிக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

இளங்கீரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நான் சொன்னா நீ நம்புவியாம்மா?"

அவர் சொல்வதை நம்புவதைத் தவிர அவளுக்கு இப்போது வேறு வழியில்லை.