தட்டினால் நகரும்!

"ஆ…!"

ஒரே ஓர் அலறல்.

லோரீனின் கால் பிரேக்கில் பாய்ந்தது. லாரி குலுங்கி நின்றது.

வலது கண்ணாடியில் பார்த்தாள். ட்ரெய்லருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ் கால்கள்… ஒருமுறை உதைத்தன.

அப்புறம் உதைக்கவில்லை.

"ஹார்லன்!"

குதித்தாள். உறைபனியில் சறுக்கினாள். எழுந்து ஓடினாள்.

அவளுடைய புருஷன் ட்ரெய்லரின் அடி உத்திரத்துக்கும் சக்கரச் சட்டத்துக்கும் நடுவே நெஞ்சு மாட்டிக் கிடந்தான். கையில் சுத்தியல். கண் திறந்திருந்தது.

"முன்னால… எடு…" என்றான்.

மறுபடி ஓடினாள். ஏறினாள். முதல் கியர். மிதித்தாள்.

லாரி உறுமியது. சக்கரங்கள் பனியில் வழுக்கிச் சுழன்றன. ட்ரெய்லர் அசையவே இல்லை!

"நகரு சனியனே… நகரு… நகரு!"

நகரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது, ஹார்லனின் கண் திறந்தபடியே இருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை.

*

நெப்ராஸ்காவின் ஐ-80 நெடுஞ்சாலை ஓரம். லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க். அங்கே இருக்கும் எடைமேடைக்குப் பக்கத்தில்தான் அது நடந்தது.

ட்ரெய்லர் நிறைய டப்பாவில் அடைத்த பூசணிக்கூழ். நன்றித் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு சுடப்போகும் ‘பூசணிப் பை’ பலகாரம் அத்தனைக்கும் அதுதான் உயிர். மொத்த எடை சரிதான். ஆனால் பாரம் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. இழுக்கும் லாரியின் ஆக்ஸில் மேல் அளவுக்கு மீறிய சுமை. அப்படியே போனால் அடுத்த செக்போஸ்ட்டில் மடக்கிவிடுவார்கள்.

அதற்காகச் சரக்கை இறக்கி ஏற்றவேண்டியதில்லை. ட்ரெய்லரின் பின் சக்கரங்கள் நீளமான சட்டத்தில் நகரக்கூடியவை. சட்டம் முழுக்கத் துளைகள். துளைகளில் இரும்புப் பின்கள். இடதுபக்கக் கைப்பிடியை இழுத்தால் பின்கள் விடுபடும். ட்ரெய்லருக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு லாரியைப் பின்னால் எடுத்தால், சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, மேலே பெட்டி மட்டும் சறுக்கும். பாரம் பின்னால் இறங்கும்.

ஒரு பின் துருவேறிச் சிக்கிக்கொண்டால்…

ஒருவர் அடியில் நுழைந்து சுத்தியலால் தட்டுவார். இன்னொருவர் ஸ்டீரிங்கில். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் நுழையவேண்டும். யாரும் அணைப்பதில்லை. குளிர்!

பின் விடுபட்டதும், வெளியே வந்து ட்ரெய்லர் சுவரில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. எடு என்று அர்த்தம்.

லோரீன் குடும்பத்தின் சங்கேதம் அது. லோரீன், ஹார்லன், லோரீனின் தம்பி ராய்ஸ். மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது.

*

"ரெண்டு தட்டு கேட்டுச்சா?" என்றார் ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரர், டெபுடி நோவோட்னி.

"கேட்டுச்சு."

"பாத்தீங்களா?"

"இடது கண்ணாடில வெயில். வெறும் வெளிச்சம்தான் தெரிஞ்சுது. வலதுல அவரு காலு தெரிஞ்சுது…"

"காலு அடியில இருக்கறப்பவே வண்டிய எடுத்தீங்க?"

லோரீன் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

முப்பது வருஷப் பழக்கம்! காது கேட்டது. கால் மிதித்தது. கண்ணைக் கேட்கவே இல்லை.

டெபுடி தொப்பியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா… அவரோட ஒரு கையில சுத்தியல். இன்னொரு கை பின் மேல இருந்துச்சு. சொல்லுங்க… எந்தக் கையால தட்டியிருப்பாரு?"

லோரீன் ட்ரெய்லருக்கு அடியில் கிடந்த சுத்தியலைப் பார்த்தாள்.

"சுத்தியல் சத்தத்த நீங்க தட்டுன்னு நெனச்சுட்டீங்க. விபத்துதான். ஜெயிலுக்கெல்லாம் போகவேண்டியிருக்காது."

ஜெயில்!

அதுவாவது நாலு சுவரோடு முடியும்.

"அக்கா…"

பின்னாலிருந்து ராய்ஸ் அவளை அணைத்துக்கொண்டான். அவனும் அதே கம்பெனியில் இன்னொரு லாரி ஓட்டுகிறவன். அம்மா இறந்தபின் அவள் கையில் வளர்ந்தவன்.

"உன்மேல தப்பில்லக்கா. நான் காபிக் க்யூவுல நின்னேன். பக்கத்துல இருந்திருந்தா… ச்சே! சுத்தியல் சத்தம்தான் உன்னை ஏமாத்திடுச்சு."

"நான்தான் கொன்னேனா, ராய்ஸ்?"

"அப்படிப் பேசாதே."

"சொல்லுடா. நானா?"

"…விதிக்கா."

இல்லை என்று அவன் சொல்லவே இல்லை.

காலையில் முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டுவிட்டு ஹார்லன் சொன்னது அவள் காதில் ஓடியது.

"வேலை முடிஞ்சதும் ஷெரீஃப் ஆபீஸ் வரைக்கும் போகணும். உன் தம்பியும் வரான்."

"எதுக்கு? ரெண்டு பேரும் யார் வீட்டுக் கோழியத் திருடினீங்க?"

"இப்ப ஒண்ணும் கேக்காதே. அழுவே."

"கிழவா, நான் எப்ப அழுதிருக்கேன்?"

ஹார்லன் சிரித்தான். கையுறையை மாட்டிக்கொண்டு அடியில் நுழைந்தான்.

இப்போது அவனுடைய கையுறை பனியில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கைப்பிடி!

ட்ரெய்லரின் இடதுபக்கம். ஹார்லன் இழுத்து வெளியே மாட்டிவிட்டுப் போன கைப்பிடி…

உள்ளே இருந்தது!

உள்ளே தள்ளினால் பின்கள் அடுத்த துளையில் விழும். பூட்டிக்கொள்ளும். அப்புறம் லாரியை எத்தனை இழுத்தாலும்… நகராது!

*நகரு சனியனே… நகரு!*

லோரீன் நிமிர்ந்தாள்.

"டெபுடி! இந்தக் கைப்பிடிய யாராவது தொட்டீங்களா?"

"இல்லையே. தீயணைப்பு ஆளுங்க ஜாக்கி வெச்சுத் தூக்கித்தான் அவர வெளிய எடுத்தாங்க. ஏன்?"

ஹார்லன் வலதுபக்கம் மாட்டிக் கிடந்தான். அவள் ஸ்டீரிங்கில் இருந்தாள். அப்படியானால் இடதுபக்கம் நின்றது யார்? தட்டியது யார்?

எவனோ ஒருவன். தட்டினான். பெட்டி சறுக்கியது. சறுக்கியதும் கைப்பிடியை உள்ளே தள்ளினான். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவதுபோல, கை தானாகச் செய்கிற வேலை அது. செய்ய மறந்தால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் ட்ரெய்லரை விட்டே கழன்றுவிடும். ராய்ஸ் லாரி பழகிய நாட்களில் அவனுடைய மணிக்கட்டில் அடித்து அடித்து அந்தப் பழக்கத்தை ஏற்றியது… அவள்தான்.

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் எடைமேடைக்குக் காத்திருந்த டிரைவர்களிடம் மூக்கைச் சிந்திக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

கொன்றது நான். இல்லையென்றால் இவன்.

இரண்டில் எது தேவலை?

நானாகவே இருந்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது.

ஒரே ஒரு நொடி. அப்புறம் டெபுடியின் சட்டைக்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

*

"ராய்ஸ்! இங்க வா."

"என்னக்கா?"

"லைன் அடைச்சுக் கிடக்கு. வண்டிய எடுக்கச் சொல்றாங்க. இன்னும் ரெண்டு துளை நகத்தணும்."

"இப்பவா? ஹார்லன் உடம்பு இன்னும் ஆம்புலன்ஸ்ல…"

"பூசணிக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பின் மறுபடி சிக்கியிருக்கு. நீதான் தட்டணும்."

ராய்ஸ் லாரியின் கதவைப் பார்த்தான்.

"ஸ்டீரிங்ல… நீயா?"

"இந்தக் கையோடவா? பாரு எப்படி நடுங்குது. டெபுடி எடுப்பாரு."

"போலீஸ்காரருக்கு இதெல்லாம் தெரியுமா?"

"பீட்ரூட் லாரி ஓட்டி வளந்தவன்தான் தம்பி நானு," என்றபடி நோவோட்னி மேலே ஏறினார். "ரெண்டு தட்டு கேட்டா பின்னால எடுக்கணும். அவ்வளவுதானே?"

"எஞ்சின அணைச்சுடுங்க சார்!"

"அணைச்சா மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ! இந்தக் குளிர்ல?"

க்யூவில் நின்ற ஒரு டிரைவர் கத்தினான்: "ஏய், சீக்கிரம் நுழைடா! கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிறே!"

எல்லோரும் பார்த்தார்கள்.

ராய்ஸ் கைப்பிடியை இழுத்தான். வலதுபக்கம் சுற்றிப்போனான். ஹார்லனின் சுத்தியலை எடுத்தான். ஹார்லன் மாட்டிக்கொண்ட அதே இடுக்கில்… மெல்ல உடம்பை நுழைத்தான்.

டங்… டங்… டங்…

இடதுபக்கம், லோரீன் ட்ரெய்லர் ஓரமாக நின்றாள். ஒருமுறை குனிந்து நிமிர்ந்தாள்.

டங்… டங்…

உள்ளங்கையை விரித்தாள்.

*தட்! தட்!*

எஞ்சின் உறுமியது!

"வேணாம்! வேணாம்! எடுக்காதீங்க!"

ட்ரெய்லருக்கு அடியில் சுத்தியல் தெறித்து விழுந்தது. சட்டை எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவனால் வெளியே வர முடியவில்லை.

"அக்கா! நிறுத்தச் சொல்லு! அக்கா… நான்தான்! நான்தான் தட்டுனேன்!"

"எதுக்குடா?" அடியில் குனிந்து கேட்டாள் லோரீன். குரலில் கோபமே இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள். "எதுக்குத் தட்டுனே?"

"வயோமிங் ரோட்ல… போன குளிருக்கு… ஒருத்தன் ஓரமா டயர் மாத்திட்டு இருந்தான். பனியில தெரியல. இடிச்சுட்டேன். நிக்கல! மான் அடிபட்டுச்சுன்னு சொல்லித்தான் ஹார்லன பம்பர் மாத்தவெச்சேன். போன வாரம் பழைய பம்பர அவர் எடைக்குப் போட எடுத்தப்ப, மடிப்புக்குள்ள ஒரு சட்டை பட்டன் மாட்டியிருந்துது. மான் சட்டை போடுமாடான்னு கேட்டாரு! நீயே ஷெரீஃப்கிட்ட வந்து சொல்லு, இல்லன்னா நான் சொல்றேன்னாரு…"

"நான் முன்னால எடுத்தேனேடா! அவரு உசிரோட இருந்தாரு!"

"கைப்பிடிய நான் வேணும்னு தள்ளலக்கா! சத்தியமா! கை… தானா போயிருச்சு!"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதை அவள் நம்பினாள். அதுதான் கொடுமை.

எஞ்சின் அடங்கியது. டெபுடி இறங்கி வந்தார். இடுப்பிலிருந்த விலங்கைக் கழற்றினார். ராய்ஸின் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். பனியும் கிரீஸுமாக எழுந்தவன் அக்காவின் முகத்தையே பார்த்தான். பல் கிட்டித்துப் போயிருந்தது.

"உன் தம்பிய… நசுக்கியே கொன்னிருப்பியேக்கா! அவரு கியர் போட்டிருந்தா?"

லோரீன் அவன் முகத்திலிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். சின்ன வயசில் ஜாம் துடைத்ததுபோலவே. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"கியர் போட்டாலும் நகராதுடா. நீ அடியில நுழைஞ்சதுமே கைப்பிடிய உள்ள தள்ளிட்டேன்."

இடதுபக்கம் கைகாட்டினாள்.

"பழக்கதோஷம்!"