ஷ்ஷ்! தம்பி தூங்குகிறான்

"எஃபெமரல்" என்று ஆங்கில டீச்சர் கரும்பலகையில் எழுதினார். "கொஞ்ச நேரமே இருந்துட்டுப் போயிடுற எதையும் இப்படிச் சொல்லலாம். ஒரு உதாரணம் சொல்லுங்க!"

"பஸ், டீச்சர்! சர்ருனு போயிடுமே!" என்றான் கடைசி பெஞ்சுப் பையன்.

"அது வேகம்டா. போனாலும் பஸ் எங்கேயோ இருக்கும். இது, இருக்கிறதே கொஞ்ச நேரம்தான். சோப்புக் குமிழி மாதிரி. நாளைக்கு ஆளுக்கொரு உதாரணம் கொண்டு வரணும்."

வாலுவுக்குக் கொட்டாவிதான் வந்தது. குறும்பு செய்ததால் வந்த பட்டப்பெயர் அது. இப்போதெல்லாம் குறும்பு செய்யத் தெம்பு ஏது? கைக்குழந்தைத் தம்பி ராத்திரி முழுக்க அழுதால் வீட்டில் யார் தூங்குவது!

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது, அம்மா காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ அம்மா, அது உப்பு!"

"உப்பா?" அம்மாவால் சிரிக்கக்கூட முடியவில்லை. "கண்ணு ரெண்டும் எரியுதுடி. கொஞ்ச நேரம் தூங்கினாப் போதும்."

நல்ல வேளையாகத் தம்பி தூங்கினான். அம்மாவும் அவன் பக்கத்திலேயே சாய்ந்தார். வாலு நோட்டை எடுத்தாள்.

டுர்ர்ர்! கீழே மெக்கானிக் மாமா பைக்கை முறுக்கினார். தம்பி சிணுங்கினான்.

வாலு படியிறங்கி ஓடினாள். "மாமா, தம்பி இப்பத்தான் தூங்கினான். அம்மாவும்!"

"வண்டியை இன்னிக்கே கொடுக்கணுமே, வாலு."

"தெருக்கோடியில போய் முறுக்குங்களேன். நானும் தள்ளுறேன்."

மாமா தலையைச் சொறிந்தார். பிறகு இருவரும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழைப்பு மணியை அழுத்த வந்த கூரியர்காரரின் கையைப் பாதியிலேயே பிடித்தாள். பக்கத்து வீட்டு அத்தை சைகையில் சர்க்கரை கேட்டார். வாலு தூக்கக் கலக்கத்தில் உப்பைக் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டுக் காப்பியும் கெட்டது.

தம்பி எழுந்தபோது இருட்டியிருந்தது. அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. வாலுவின் நோட்டில்தான் ஒரு வரிகூட இல்லை. அன்று ராத்திரியும் தம்பி தூங்க விடவில்லை.

மறுநாள் டீச்சர் கேட்டார். "வாலு, உன் உதாரணம் எங்கே?"

வாலு தள்ளாடி எழுந்தாள். "எங்க தம்பியோட தூக்கம், டீச்சர்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நோட்டுல ஏன் எழுதல?"

"நேத்து அவன் தூங்கினப்போ அம்மாவும் தூங்கினாங்க. யாரும் எழுப்பிடக் கூடாதுன்னு வாசல்ல காவல் இருந்தேன்."

"நீ எப்போ தூங்கின?"

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அருமையான உதாரணம். உட்காரும்மா. கொஞ்சம் தலை சாய்ச்சுக்கோ."

மேசையில் தலை வைத்ததுதான் தெரியும். வாலு அயர்ந்துவிட்டாள். டீச்சர் பாடத்தைக் குசுகுசுவென்று நடத்தினார்.

மணியடிக்கும் நேரம் நெருங்கியது. கடைசி பெஞ்சுப் பையன் டீச்சரிடம் ஜாடையில் அனுமதி வாங்கிக்கொண்டு, பூனை போல வெளியே போனான்.

"அண்ணே," என்றான் மணியடிப்பவரிடம். "இன்னிக்கு மட்டும் மெதுவா அடிங்க. எங்க வகுப்புல ஒருத்தி தூங்குறா."

டிங்.

வாலு அசையவே இல்லை.