கவிழ்த்து வைத்த டம்ளர்

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் அந்த வீட்டில் நான் போய் இறங்கியபோது நல்ல மத்தியான வெயில். வாசலில் மேப்பிள் மரம், கதவில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். ராஜலக்ஷ்மி ஆன்ட்டி என் பெட்டியைப் பார்த்துவிட்டு, கராஜ் வழியாக வரச் சொன்னார். கார்பெட் அழுக்காகுமாம்.

நான் கயல். பவானியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவரின் மகள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எம்.எஸ். படிக்க வந்த இடத்தில் வாடகைக்கு வழியில்லை. பேஸ்மென்ட் அறை எனக்கு. பதிலுக்கு அவர்களுடைய ஆறு வயது அஞ்சனாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. பிறகு சமையல் சேர்ந்தது. பிறகு பாத்ரூம் சேர்ந்தது. 'நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று சொல்லிச் சொல்லியே சேர்த்தார்கள்.

வீட்டுப் பெண்ணுக்குப் பீங்கான் கப் கிடையாது. நெளிந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஒதுக்கினார்கள். குடித்ததும் கழுவி, பேஸ்மென்ட் மேல்படியில் கவிழ்த்துவிட வேண்டும். மற்ற பாத்திரத்தோடு கலக்கக் கூடாது. என் பாஸ்போர்ட்டையும் ஆன்ட்டி வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். கீழே ஈரமாம்.

டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சாந்தாமணி, கோபி. கோபி எங்கள் பவானிக்குப் பக்கத்து ஊர். எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவார்களே, அதே மாதிரி. யாருடையது என்று கேட்டேன். பழைய சாமான், எவர்சில்வரை யாராவது தூக்கிப் போடுவார்களா என்றார் ஆன்ட்டி.

கவிழ்த்து வைத்த டம்ளர் காலையில் நிமிர்ந்திருக்கும். உள்ளே ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருக்கும்.

அஞ்சனாவின் விளையாட்டு என்று நினைத்தேன். ஆனால் ஹீட்டர் உறுமி அடங்கும்போதெல்லாம் அந்தப் படியிலிருந்து தைல வாசனை இறங்கி வந்தது. கூடவே ஒரு மூச்சு. களிமண்ணில் சிக்கிய காலை இழுப்பதுபோல, இழுத்து இழுத்து.

பேஸ்மென்ட் கதவின் வெளிப்புறத்தில் திருகாணி ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தார்கள். அங்கே முன்பு ஒரு தாழ்ப்பாள் இருந்திருக்கிறது.

வெளிப்புறத்தில்.

ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்த அஞ்சனா அந்தக் கதவடியில் குப்புறப் படுத்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிற குழந்தை.

"என்ற சாமி, தண்ணி குடிச்சயா? ஏங்கண்ணு இப்பிடி இருமற?"

அது கோபிப் பேச்சு. மயிலாப்பூரில் பிறந்த அவள் அம்மாவுக்கு அப்படிப் பேசத் தெரியாது. யாரிடம் பேசுகிறாய் என்றேன்.

"சாந்தா ஆத்தா. ஷி இஸ் ஸ்டில் காஃபிங்."

அப்புறம் அவள் இங்கிலீஷில் சொன்னதைக் கோத்துப் பார்த்தேன். சாந்தா ஆத்தா அவளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். போன வருஷம் கொலுவின்போது அவளுக்குக் காய்ச்சல். விருந்தாளிகள் கண்ணில் படாமல் கீழே விட்டுத் தாழ் போட்டார்கள். அவள் டம்ளரால் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா டோல்ட் மீ டு சிங் லவுடர்."

எல்லோரும் போன பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்ததாம்.

அன்று மாலையே பாஸ்போர்ட்டைக் கேட்டேன். சாந்தாமணி மாதிரி நானும் இங்கே மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் ஆன்ட்டியின் முகம் சுண்டிப்போயிற்று. சிவராமகிருஷ்ணன் அங்கிள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது ஹார்ட் ஃபெயிலியர்மா. டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். இன்ஷூரன்ஸ் இல்ல, விசா முடிஞ்சுபோச்சு. நாங்க என்ன பண்ண முடியும்?"

கதவைத் திறந்திருக்கலாம் என்றேன்.

கொலு முடியட்டும், தருகிறேன் என்றார் ஆன்ட்டி.

வெள்ளிக்கிழமை கொலுவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுண்டல் பொட்டலத்தை அடுக்கிவிட்டு, டம்ளரில் தண்ணீரோடு கீழே இறங்கினேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரும்பு உரசும் சத்தம்.

புதுத் தாழ்ப்பாள்.

தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. மேலே சிரிப்பு, பட்டுப்புடவைச் சரசரப்பு. டம்ளரை மேல்படியில் வைத்துவிட்டு, போனை எடுக்க அறைக்கு இறங்கினேன்.

தைல வாசனை அடித்தது.

திரும்பினேன். மேல்படியில் யாரோ ஒருத்தி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஈர நைட்டி. தோள் ஏறி ஏறி இறங்கியது.

இத்தனை நாளும் டம்ளர் தானாக நிமிரவில்லை. ஒரு கை எடுத்தது.

டங்.

மேலே ஒரு மாமி பாடிக்கொண்டிருந்தார்.

டங். டங்.

பாட்டு தடுமாறியது. ஆன்ட்டியின் குரல், கொஞ்சம் உரக்க: "அஞ்சனா, நீ பாடு கண்ணா. லவுடா."

குழந்தை பாடவில்லை. சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது.

"வா ஆத்தா," என்றாள் அஞ்சனா.

வெளிச்சத்தில் கண் கூசியது. படியில் யாரும் இல்லை. நான் ஏறி ஹாலுக்கு வந்தேன். கொலுப்படிக்கு முன்னால் அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

என் பின்னால் பார்த்தார்கள்.

கஸ்தூரிரங்கன் என்ற வயசான மாமாதான் வாயைத் திறந்தார். "போன வருஷமும் இதே சத்தம் கேட்டுதே ராஜி. ஹீட்டர்னு சொன்னியே."

கேட்டிருக்கிறது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஹீட்டர் என்று நம்பிச் சுண்டல் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"என் பாஸ்போர்ட் வேணும்," என்றேன்.

அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டும் அது வந்தது. டம்ளரையும் எடுத்துக்கொண்டேன். முன்வாசல் வழியாக, அந்தக் கார்பெட்டை மிதித்துக்கொண்டு வெளியே போனேன்.

போலீஸில் சொன்னேன். அவர்கள் போனபோது தாழ்ப்பாள் இல்லை; மக்கு காயாத ஓட்டைகள்தான் இருந்தன. டாக்டர் சர்டிபிகேட் சரியாக இருந்தது. அன்று நின்றவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

இப்போது தோழிகளோடு ஓர் அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். டம்ளரை என் மேஜைமேல் வைத்திருந்தேன். சாந்தாமணிக்கு ஒரு மகள் இருப்பதாக அஞ்சனா சொல்லியிருந்தாள்; கோபியில் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்று தமிழ் வாட்ஸாப் குரூப்பில் ராஜலக்ஷ்மி ஆன்ட்டியின் விளம்பரம் வந்தது. மாணவிக்கு பேஸ்மென்ட் அறை, வாடகை இல்லை, குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. படமும் போட்டிருந்தார். பளபளக்கும் கிச்சன்; அதன் ஓரத்தில் பாதி திறந்த பேஸ்மென்ட் கதவு.

படத்தைப் பெரிதாக்கினேன்.

மேல்படியில், நெளிந்த ஒரு டம்ளர். கவிழ்ந்திருந்தது.

என் மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். வட்டமாய் ஓர் ஈரத் தடம் மட்டும் இருந்தது.