தாடை அச்சில் ஒரு மொட்டு

வேர் திரும்பியிருந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன் பச்சை நுனி பாசிப் பக்கம் நீண்டிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். மதியம் வந்து பார்த்தால் அதே நுனி, தையல் நூல் கனம்கூட இல்லாத அந்த நுனி, கண்ணாடிப் பெட்டிக்குள் வளைந்து கட்டிலைப் பார்த்து நின்றது. ஆர்க்கிட் வேர் ஈரத்தைத் தேடித்தான் போகும். ஈரம் முழுவதும் பெட்டிக்குள் பரப்பிய பாசியில் இருந்தது. கட்டிலில் அவள் கணவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் இரவுப் பேருந்து ஓட்டுபவன். பகலில் அவன் தூங்குவதற்காகப் படுக்கையறை ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். வெயில் படாத, காற்று அசையாத அந்த அறைதான் செடிக்குத் தோது என்று கட்டிலின் தலைமாட்டு மேசையிலேயே பெட்டியை வைத்து, உள்ளே ஒரு குட்டி விளக்கும் போட்டிருந்தாள். செடி என்று சொன்னால் சிரிப்பார்கள். இலை அரிசி நீளம். பூ எள்ளளவுதான் வருமாம், அதையும் லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். அவளோ பல் செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள், நாளெல்லாம் நுணுக்கிப் பார்த்தே பழகிய கண். பெரிய பூ எதன் மீதும் அவளுக்கு ஆசை வந்ததில்லை.

இந்த வகையை மண்ணில் நடக்கூடாது. மரப்பட்டையில் கட்டிவிட்டால் வேர் தானே பற்றிக்கொள்ளும். பட்டைக்கு எங்கே அலைவது? வீட்டில் ஒரு பிளாஸ்டர் அச்சு சும்மா கிடந்தது. திடீர் பிரேக்கில் ஸ்டியரிங்கில் மோதிக் கணவனுக்குக் கீழ்வரிசைப் பற்கள் உடைந்தபோது, பல் கட்டுவதற்காக அவளே வார்த்த தாடை அச்சு. லேபில் எந்த வாயின் அளவுப் பதிவு வந்தாலும் கிருமி போக மருந்துத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அன்று அவள் ஊறவைக்கவில்லை. சொந்தப் புருஷன் வாய்தானே என்ற அவசரம். ஈறுகளின் ரத்தம் பிளாஸ்டரில் கலந்து, காய்ந்தபோது அச்சு லேசான ரோஜா நிறத்தில் இருந்தது. அவளுக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது. செடியை அதில்தான் கட்டினாள்.

"என் பல்லுல செடியா? இனிமே நான் சிரிச்சா பூ கொட்டுமா?" என்றான் அவன்.

"நீங்க சிரிச்சு நான் என்னிக்குப் பாத்தேன்? செடியாவது சிரிக்கட்டும்."

அன்று இரண்டு பேருமே சிரித்தார்கள்.

வேர் திரும்பிய வாரத்திலேயே மொட்டும் வந்தது. அவனுக்கு ஈறு அரிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். தலையணை உறையில் ரத்தப் புள்ளிகள். பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, அழுத்தித் தேய்க்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார். ஆனால் அவன் பேசும்போதெல்லாம் வாயிலிருந்து ஊறிய பாசியின் வாசனை வந்தது. அவள் லென்ஸை எடுத்து அச்சைப் பார்த்தாள். வேர் பிளாஸ்டர் பற்கள் இரண்டுக்கு நடுவே நுழைந்து ஈற்றைத் துளைத்து இறங்கியிருந்தது. அவனுக்கு ரத்தம் கசிந்ததும் அதே இரண்டு பற்களுக்கு நடுவேதான்.

"அதைத் தூக்கி வெளிய வச்சிடேன். ராத்திரி வண்டி ஓட்டுறப்ப உள்ள என்னமோ நெளியுது. பயமா இருக்கு."

"மொட்டு விட்டிருக்குங்க. இடம் மாத்தினா உதிர்ந்துடும். விரிஞ்சதும் எடுத்துடறேன்."

அவன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. இருந்தும் அப்படித்தான் சொன்னாள். அவன் மீது அவளுக்கு உயிர். மொட்டின் மீது இருந்தது வெறும் ஆசை. ஆனால் ஆசைக்குத்தான் அவசரம் அதிகம், அது முந்திக்கொண்டது. அவன் கன்னத்தைப் பிடித்தபடி திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முதலில் அவனுக்கு ஒரு பல் ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்த அன்றே அவள் செடி விற்றவருக்குப் போன் செய்தாள்.

"பிடிச்ச வேரை மட்டும் பிய்க்காதீங்கம்மா," என்றார் அவர். "அறுந்த துண்டு உள்ளேயே கிடந்து தழைச்சுக்கும். எதைப் பிடிச்சிருக்கோ அதை உடைச்சு, அதோட சேர்த்துத்தான் எடுக்கணும். ஆமா, எதுல கட்டினீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் லேபிலிருந்து பிளாஸ்டர் உடைக்கும் சுத்தியலைக் கொண்டுவந்தாள். மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் தன் காலடியே அவளுக்குக் கேட்கவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்ததும் பாசியும் பச்சை ரத்தமும் கலந்த வெதுவெதுப்பான நெடி முகத்தில் அடித்தது. பெட்டியின் விளக்கு அவன் மோவாயில் ஒரு வட்டமாக விழுந்திருந்தது. சுத்தியலை மேசைமேல் வைத்தாள். அப்போது மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. ஈர மரத்திலிருந்து ஆணி கழல்வதைப் போல, மெல்ல, நிதானமாக. அது அவன் வாய்க்குள்ளிருந்து வந்தது.

குனிந்தாள். உதட்டை விரலால் விலக்கினாள்.

ஈற்றின் ஓரத்தில் ஒரு பச்சை நுனி. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாக்குக்கு அடியில் ஒரு கொத்தே இருந்தது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

செடிக்காரர் சொன்னது காற்றோடு போயிற்று. விரலை உள்ளே விட்டு ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேர் வந்தது. வேரோடு பல் வந்தது. பல்லோடு சதையும் வந்தது. ரத்தம் அவள் முழங்கை வரை வழிந்தது. அடுத்த வேரைத் தேடி ஆள்காட்டி விரலை மறுபடி உள்ளே விட்டாள்.

"ஐயோ... என்னங்க... எழுந்திருங்க!"

அவன் கண் திறந்தான். கண்ணில் தூக்கமே இல்லை. எத்தனை நேரமாக விழித்துக்கிடந்தானோ, இமை ஓரமெல்லாம் கண்ணீர். எதையோ சொல்ல அவன் தொண்டை துடித்தது. சொல்வதற்குள் வாய் மூடிக்கொண்டது.

அவள் விரல் உள்ளே இருந்தது.

அலறினாள். கையை இழுத்தாள், வரவில்லை. அவன் இரண்டு கையாலும் தன் தாடையையே பிடித்துத் திறக்கப் போராடினான். கழுத்து நரம்பு புடைத்தது. திறக்கவில்லை. பற்கள் இன்னும் இறங்கின. எலும்பைத் தொட்டன. அவளுடைய இன்னொரு கை மேசையைத் தடவியது. பெட்டி மேசைமேலேயே கவிழ்ந்து உடைந்தது. சுத்தியல் அகப்பட்டது.

உடைச்சுத்தான் எடுக்கணும்.

ரோஜா நிற அச்சு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்தது. ஓங்கி அடித்தாள். அச்சு நடுவில் பிளந்தது.

கட்டிலிலும் ஏதோ பிளந்தது.

அவன் முகம் மூக்குக்குக் கீழே சரிந்தது. தாடை இரண்டாகி நெஞ்சுப் பக்கம் தொங்கியது. அவள் கை விடுபட்டது. சுவரில் மோதி விழுந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் இல்லை.

"போதும்... உடைச்சிட்டேன். வந்துடும்... எல்லாம் வந்துடும்..."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அழுதான். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள்ளிருந்து வேர்கள் இறங்கின. வெள்ளை வெள்ளையாக, நிதானமாக. உடைந்த தாடையின் ஒரு பாதியைச் சுற்றின. மறு பாதியைச் சுற்றின. இறுக்கின. எலும்பு எலும்போடு நறநறவென்று சேர்ந்தது. தாடை மேலே ஏறியது. வாய் மூடியது.

திறந்தது. மூடியது.

அவன் இரண்டு கையையும் நீட்டி அவளைக் கூப்பிட்டான். கண் கெஞ்சியது. அந்தக் கண் அவனுடையதுதான். வாய் மட்டும் அவசரமே இல்லாமல் அவள் விரலை மென்றுகொண்டிருந்தது.