அறுபத்தோரு பொய்த் தேதிகள்

டவுன்ஹால் ரோட்டுச் சந்து ஒன்றில், கீழே ஜூடுவின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, மேலே ஜாய்ஸின் துப்பறியும் அலுவலகம். மாடிக்குப் போகிறவர்கள் ஜூடுவின் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்த்தே வந்த காரியத்தைச் சொல்லிவிடலாம் என்பது ஜூடுவின் நம்பிக்கை. ஆறு வருஷத்தில் அவன் சொன்னதில் சரியாக இருந்தது மொத்தம் இரண்டு. முப்பத்தெட்டு வயது மனிதன் இதற்கெல்லாம் சளைத்துவிட முடியுமா?

அந்தச் சனிக்கிழமை காலை படியேறியவர் ஒல்லியாக, இரண்டு தடித்த காகிதக் கட்டுகளோடு வந்தார். சொத்துத் தகராறு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்து ஜூடுவும் பின்னாலேயே ஏறினான்.

வந்தவர் பெயர் ஜெய்சன். சமயநல்லூர்க்காரர், கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர்.

"சொத்துத் தகராறா சார்?" என்றான் ஜூடு, அவர் உட்காரும் முன்பே.

"ஒரு வகையில ஆமா," என்றார் ஜெய்சன். "ஆனா அந்தச் சொத்து யாருக்கும் தனியாச் சொந்தமில்ல."

ஜாய்ஸ் நாற்காலியைக் காட்டினார். வக்கீல் அலுவலகங்களில் பதினெட்டு வருஷம் பத்திரம் படித்துக் கண் தேய்ந்தவர் அவர். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் பேச மாட்டார். ஜூடுவும் அவரும் ஒத்துப்போவதற்கு அதுதான் காரணம், இல்லாத பேச்சையெல்லாம் ஜூடு பேசிவிடுவான்.

"ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழியில எழுதுன ஒரு ஃப்ரேம்வொர்க் மேடம், பேரு 'ஓலை'," என்று ஆரம்பித்தார் ஜெய்சன். "ஒரு கட்டுரையை ஒரு தடவை குடுத்தாப் போதும். வெப்சைட்டாவும், போன்ல படிக்கிற மாதிரியும், அச்சுக்குப் போற பக்கமாவும் அதுவே மாத்தி வெளியிடும். நாங்க நாப்பது பேரு, ஆளாளுக்கு ஒரு ஊர்ல இருந்து எழுதுறோம். சம்பளம் கெடையாது. கோடு, அதாவது உள்ள இருக்குற நிரல், முழுக்க வெளிப்படை. யாரும் எடுத்துக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். சேக்குறதா வேணாமான்னு மெயில்ல ஓட்டுப் போடுவோம். பிளஸ் ஒன்னுன்னா சரி. ஒரே ஒரு உறுப்பினர் காரணம் சொல்லி மைனஸ் ஒன்னு போட்டாலும் நின்னுரும்."

"உறுப்பினர் இல்லாதவங்க போடக் கூடாதா?" என்றான் ஜூடு.

"போடலாம். எண்ண மாட்டோம். ஆனா படிப்போம்."

பத்து ரூபாய் ஸ்க்ரூவுக்கே பில் போடுகிற ஜூடுவுக்கு, நாற்பது பேர் சம்பளமில்லாமல் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார்கள் என்பதே பெரிய அதிசயமாக இருந்தது.

"போன மாசம் முத்துமீனான்னு ஒரு பொண்ணு அடிக்குறிப்புக்கான கோடு அனுப்புச்சு," என்றார் ஜெய்சன். "அஞ்சு வருஷமா எங்க யாராலயும் முடியாத வேலை. எந்தப் பக்கத்துக் குறிப்பு எந்தப் பக்கத்துல விழணுமோ அங்கயே வந்து உக்காருது. படிச்சுட்டு எந்திரிச்சே நின்னுட்டேன் மேடம். ஒரு வாரத்துல நெடுவரிங்கிற கம்பெனியில இருந்து நோட்டீஸ். அது அவங்க டீம் லீடர் அருண்பாண்டி எழுதுனதாம். முத்துமீனா மே கடைசி வரைக்கும் அவருகிட்டதான் வேலை பார்த்துச்சு. திருடிக்கிட்டு வந்துட்டாங்கிறாங்க."

"ரெண்டு பேரோட கோடும் ஒன்னுதானா?" என்றார் ஜாய்ஸ்.

"கோடுக்குள்ள வச்சிருக்குற பேருகளை மாத்திட்டுப் பார்த்தா ஒன்னேதான். சிக்கல் தேதியில இருக்கு. கோடு எழுதுறவங்க அப்பப்போ ஒரு பதிவு போடுவாங்க, மெஷின் தானா நாளும் மணியும் குத்திரும். அருண்பாண்டி பதிவெல்லாம் ஏப்ரல் நாலுல இருந்து மே ஒம்பது வரை, ஒழுங்கா இருக்கு. இவ பதிவு அறுபத்தொன்னு. எல்லாமே 2012 ஜனவரி. ரெண்டாந்தேதி, அஞ்சாந்தேதின்னு போகும், திடீர்னு திரும்பவும் ஒன்னாந்தேதிக்கு வந்துரும். இப்படிப் பதினேழு தடவை. 'ஓலை' ஆரம்பிச்சதே 2016-ல மேடம். 2012-ல இந்தப் புள்ள எட்டாப்பு."

ஜூடு சிரித்துவிட்டான். ஜெய்சன் சிரிக்கவில்லை.

"தேதியைத் திருத்தப் போயிச் சொதப்பிட்டான்னு அவங்க வக்கீல் சொல்றாரு. எனக்கும் சந்தேகம் வந்துருச்சு. மைனஸ் ஒன்னு போட்டுட்டேன். புதன்கிழமை சாயங்காலத்தோட ஓட்டு முடியுது. அதுக்குள்ள நான் அதை எடுக்கலைன்னா அந்தப் புள்ள திருடின்னுதான் பதிவாகும். வேலை தேடிப் போற இடத்துலெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் தொறந்து பார்ப்பாங்க. 'வீட்டுல வச்சு எழுதுனேன் சார், கடிகாரம் கோளாறு'ன்னு சொன்னா. அம்புட்டுதான். அழக்கூட இல்ல."

இருவரின் கோடையும் அச்செடுத்திருந்த இரண்டு கட்டுகளையும் ஜாய்ஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டின் கடைசியிலும் நிரல் வரிகள் இல்லாத, கட்டுரை போன்ற ஒரு தாள் இருந்தது.

"இது என்ன?"

"மாதிரிப் பக்கம். கோடு சரியா ஓடுதான்னு பார்க்க, வர்ற பக்கத்தை இதோட ஒப்பிடுவோம். அடியில இருக்குற வரியை மட்டும் விட்டுருவோம். அது பக்கம் வெளியான நேரம், ஒவ்வொரு தடவையும் மாறும். அதை யாரும் பார்க்கறதே இல்ல."

ஜாய்ஸ் இரண்டு தாள்களையும் அடிவரை படித்தார். பிறகு மூடி வைத்தார்.

ஜெய்சன் போனதும் ஜூடு பொரிந்து தள்ளினான். "அந்தப் பொண்ணு எடுத்துருக்கும்க்கா. தேதி மாத்தத் தெரியாம மாட்டிக்கிருச்சு."

"பொய்த் தேதி போடுறவ மார்ச்சுன்னு போடுவா, பிப்ரவரின்னு போடுவா. 2012-ன்னு எதுக்குப் போடணும்? ஒரு கம்ப்யூட்டர் எப்ப ஜூடு பழைய வருஷத்துக்குப் போகும்?"

"அது பிசாத்து மேட்டருக்கா. உள்ள காசு கணக்கா ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சுன்னா, கரண்ட் போயி வர்றப்பெல்லாம் கடிகாரம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். வாரத்துக்கு நாலு மாத்துறேன். நெட்டு இருந்தாத் தானா சரியாயிரும், இல்லைன்னா அப்படியே ஓடும்."

"மெஷினை அமத்திப் போட்டாலும் ஓடுமா?"

"ப்ளக்குல கரண்ட் இருக்குறவரை ஓடும்."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வண்டியை எடு," என்றார் ஜாய்ஸ். "பேரையூர் போயிட்டு வருவோம்."

முத்துமீனாவின் வீடு பேரையூருக்கு மேற்கே, பருத்திக் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. போனில் ஒரு கோடு சிக்னல் பிடிக்கவே தெருமுனைக்கு வர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒரு மர ஸ்டூலில் இருந்தது. அதன் ப்ளக் பாயிண்டைச் சுற்றிக் கறுப்பு டேப்பு ஒட்டி, சாக்பீஸால் 'தொடாதே' என்று எழுதியிருந்தது.

"ஸ்விட்சு ஒடைஞ்சு போச்சுய்யா," என்றார் அவள் அப்பா மொக்கைச்சாமி. "அமத்துனா மறுபடி ஏறாது. புள்ள வேலை கெட்டுப்போகும்ல, அதான் அப்படியே ஒட்டி வச்சுட்டேன்."

முத்துமீனா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மதுரையில் வேலை முடிந்து ஏழே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்குவாள். எட்டிலிருந்து பத்து வரை எழுதுவாள், ஞாயிற்றுக்கிழமை பகலிலும் எழுதுவாள்.

"ஏன் அப்பப்போ அனுப்பலை?"

"பெரிய பெரிய ஆளுங்க இருக்குற எடம் மேடம். அரைகுறையா அனுப்பக் கூச்சமா இருந்துச்சு. முழுசா முடிச்சுட்டு மதுரையில போயி அனுப்புனேன்."

"அனுப்புறதுக்கு முன்னாடி யாருகிட்டயாச்சும் காட்டுனியாம்மா?"

"மார்ச்சு கடைசியில எழுதி முடிச்சதும் அருண் சார்ட்ட பென் டிரைவ்ல குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு, 'இது தேறாதும்மா'ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாரு."

திங்கட்கிழமை, அந்த ஊருக்கு மின்சாரம் தரும் துணை மின்நிலையத்தில் முறைப்படி கடிதம் கொடுத்து, ஆறு மாதப் பதிவேட்டின் நகலை ஜாய்ஸ் வாங்கினார். எடுத்துக் கொடுத்தவர் சிவபாண்டி என்கிற ஊழியர். பராமரிப்பானாலும் மழையானாலும், லைன் எப்போது நின்றது, எப்போது வந்தது என்று நிமிஷ சுத்தமாக, முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார். யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒரு நாள்கூட அவர் விட்டுவிடவில்லை. அதைப் பார்த்து ஜூடுவுக்குத் தன் கடையின் கிறுக்கலான ரசீதுப் புத்தகம் ஞாபகம் வந்து கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாலை, சமயநல்லூரில் ஜெய்சன் வீட்டு மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருண்பாண்டி இஸ்திரி போட்ட சட்டையில், லேப்டாப்போடு வந்திருந்தார். முத்துமீனா கதவோரத்து நாற்காலியில் இருந்தாள்.

"மொதல்ல உங்க கட்டு," என்று கடைசித் தாளை அருண்பாண்டியிடம் நீட்டினார் ஜாய்ஸ். "இது நீங்க உங்க மெஷின்ல ஓட்டி எடுத்த மாதிரிப் பக்கம்தானே?"

"ஆமா மேடம். ஏப்ரல்ல."

"அடியில இருக்குற வரியைக் கொஞ்சம் படிங்க."

அருண்பாண்டி படிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெய்சன் எட்டி வாங்கி உரக்கப் படித்தார்: "வெளியான நேரம், 2012 ஜனவரி 11, காலை 3.05."

ஜூடு நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"ஆயிரக்கணக்கான வரியில பேரை மாத்துனீங்க," என்றார் ஜாய்ஸ். "இந்த வரியை மாத்தல. உங்க தொழில்ல இருக்குற யாருமே இதைப் பார்க்கறதில்ல, கம்ப்யூட்டர்கூட இதை விட்டுட்டுத்தான் ஒப்பிடுது. உங்க ஆபீஸ்ல நாள் முழுக்க நெட்டு இருக்கு. உங்க மெஷின் 2012-ஐக் காட்ட வழியே இல்ல. இந்தப் பக்கம் பிறந்தது பேரையூர்ப் பக்கம் ஒரு மர ஸ்டூல் மேல."

அருண்பாண்டி தாளைத் திரும்ப வாங்கி மெதுவாக மடித்தார். "சரி, அவ எழுதுனதாவே இருக்கட்டும். எங்க சம்பளத்துலதானே இருந்தா? ஆபீஸ் நேரத்துல எழுதுனது கம்பெனிக்குத்தான் சொந்தம். அது எப்ப எழுதுனதுன்னு அந்தப் பொய்த் தேதியை வச்சு உங்களால சொல்ல முடியுமா?"

முத்துமீனா தலை குனிந்துகொண்டாள். இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள் என்பது ஜூடுவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"சொல்லலாம்," என்றார் ஜாய்ஸ். "அந்தக் கடிகாரம் தப்பா ஓடலை தம்பி. தப்பான எடத்துல இருந்து கெளம்புச்சு, அம்புட்டுதான். கரண்ட் திரும்பி வந்த நிமிஷம் அதுக்கு 2012 ஜனவரி ஒன்னு. அங்க இருந்து ஒழுங்கா ஓடும். இவங்க அப்பா டேப்பு ஒட்டி வச்சதால, அடுத்து கரண்ட் போறவரைக்கும் நிக்காது. அப்ப அந்தத் தேதி என்ன சொல்லுது? கரண்ட் வந்து எம்புட்டு நேரமாச்சுன்னு சொல்லுது. கரண்ட் எப்ப வந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."

மின்நிலையப் பதிவேட்டின் நகலை மேசையில் விரித்தார்.

"முத்துமீனா பதிவுல ஒரே ஒரு ஓட்டம் மட்டும் ஜனவரி 22 வரைக்கும் போகுது. அப்படின்னா இருபத்தோரு நாள் கரண்ட் நிக்கவே இல்ல. ஆறு மாசத்துல அந்த லைன்ல அப்படி இருந்தது ஒரே தடவை, பிப்ரவரியில. அதை முளைக்குச்சியா அடிச்சுக்கிட்டு முன்னயும் பின்னயும் நகந்தேன். ஒன்னு சொல்றேன், நீங்களே கூட்டிப் பாருங்க. ஒரு பதிவு ஜனவரி மூணு, காலை 4.20. கரண்ட் வந்து ரெண்டு நாளும் நாலு மணி இருபது நிமிஷமும் ஆச்சு. கரண்ட் வந்தது டிசம்பர் பதினாலு, சாயங்காலம் நாலு மணி."

ஜூடு விரல் விட்டு எண்ணினான். "டிசம்பர் பதினாறு. ராத்திரி எட்டு இருபது."

"இப்படி அறுபத்தொன்னையும் கணக்குப் பண்ணேன். ஒவ்வொன்னும் ராத்திரி எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவுல விழுது, இல்லைன்னா ஞாயித்துக்கிழமையில விழுது. உங்க ஆபீஸ் நேரத்துல ஒன்னுகூட இல்ல. உங்க மாதிரிப் பக்கத்துல இருக்குற நேரம் மார்ச்சு இருபது, ராத்திரி ஒம்பது மணி. நீங்க 'தேறாது'ன்னு திருப்பிக் குடுத்ததுக்கு ஒரு வாரம் முன்னாடி. வேணும்னே பொய்த் தேதி போட்டவளா இருந்தா, அந்த மின்நிலையத்துப் பதிவேட்டை நிமிஷம் பிசகாம மனப்பாடம் பண்ணிருக்கணும்."

அருண்பாண்டி பதிவேட்டில் விரல் வைத்து இரண்டு மூன்று தேதிகளைக் கூட்டிப் பார்த்தார். "நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொல்லிர்றேன்," என்றார் கடைசியில்.

"யாரு எழுதுனதுன்னும் ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தார். போகும்போது முத்துமீனாவைப் பார்த்து, "அது தேறும்னு அன்னைக்கே தெரியும்," என்றார்.

ஜெய்சன் லேப்டாப்பைத் திறந்து நாற்பது பேருக்கும் எழுதினார். 'என் மைனஸ் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். காரணம்: தேதியைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.' அனுப்பிவிட்டு, மாணவனைப் போல எழுந்து நின்று, "மன்னிச்சுக்கம்மா," என்றார். "அந்தத் தேதியெல்லாம் திருத்திரலாமா?"

"வேணாம் சார்," என்றாள் முத்துமீனா. "இருந்தபடியே இருக்கட்டும். அந்தக் கடிகாரம் இல்லைன்னா இன்னைக்கு நான் ஏது?"

உறுப்பினர்களின் பதில் ஒன்றும் இன்னும் வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போனது. ஜூடுவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து, ஜெய்சனிடம் மெயில் முகவரி கேட்டு, ஒற்றை விரலால் தட்டி அனுப்பினான். திரையில் முதல் பதிலாக அது வந்து விழுந்தது: 'பிளஸ் ஒன்னு. ஜூடு, கம்ப்யூட்டர் சர்வீஸ், மதுரை.'

"ஜூடு," என்றார் ஜெய்சன் தயக்கத்தோடு, "இதை எங்களால எண்ண முடியாதே."

"தெரியும் சார். படிப்பீங்கள்ல?"

ஒரு மாதமாக அழாதிருந்த முத்துமீனா, அதைப் படித்துவிட்டுத்தான் அழுதாள்.